எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: 5க்கு 4

அம்மாவுக்கு 58 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறார். கொஞ்ச நாளாகவே நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, முதுகும் தாடையும் வலிக்கிறது என்றார். முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அங்கே எல்லாக் கேள்வியும் என்னிடம்தான். "தூங்குறாங்களா? சாப்பிடுறாங்களா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷியிடம் கேட்டால் ஆகாதா? கடைசியில், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு டென்ஷன் இருக்கும்" என்று கேஸ் மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

சரி, அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவோம் என்று இங்கே வந்தோம். டாக்டர் இளவயதுப் பையன். நான் வாயைத் திறந்ததும், "அண்ணே, அம்மா சொல்லட்டும்" என்றார். என்ன வேலை, எவ்வளவு நேரம் குத்தவைத்து இருப்பீங்க, வீட்டுக்கு வந்து யார் சமைக்கிறது, கடைசியில் சாப்பிடுறது யாரு? இந்த மாதிரிக் கேள்வியை எந்த டாக்டரும் அம்மாவிடம் கேட்டதில்லை. "நான்தான் மக்களே" என்று சிரித்தார்.

உடனே இசிஜி எடுக்கச் சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்றில்லை, மூச்சு வாங்கல், தாடை வலி, குமட்டல் என்றும் வரும், பெண்களுக்கு அப்படி வருவது கூடுதல், அதைத்தான் டென்ஷன் என்று தள்ளிவிடுகிறார்கள் என்றார். இசிஜியில் கோளாறு தெரியவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் 8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று, இரும்புச்சத்து மாத்திரையோடு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கும் சீட்டு எழுதினார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் அங்கேயே. மாத்திரை போட்ட கையோடு கட்டன் சாயா குடிக்கக் கூடாதாம், சத்து உடம்பில் சேராது. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நடுவில் நர்ஸை உள்ளே வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நட்சத்திரம் குறைத்தது கட்டிடத்துக்கு. இசிஜி கட்டிலுக்குப் பாதித் திரைதான். வரிசையில் நிற்பவர்களுக்கு உள்ளே தெரிகிறது. பெண்கள் கழிப்பறைக்குக் கொண்டி இல்லை. இந்த டாக்டர் லீவு போட்டால் வருகிறவர் எப்படி என்பதும் சொல்ல முடியாது. போகிறவர்கள் பழைய சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். அம்மாவைக் கூட்டிப்போனால் அம்மாவையே பேச விடுங்கள்.