கைநடவா, நடவு மிஷினா: தண்ணீர் தாமதமானால் எது தாங்கும்?

நடவு மிஷின் பிடிக்கலாமா, ஆள் வைத்தே நட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது ஏக்கருக்கு என்ன கூலி என்பதைத்தான். காவிரி டெல்டாவில் அதைவிடப் பெரிய கணக்கு நாற்றின் வயது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. நாற்று விட்ட பிறகு தண்ணீரோ மிஷினோ பத்து நாள் தள்ளிப்போனால் எந்த முறை பொறுக்கும், எது பொறுக்காது என்று பார்த்துவிட்டுத்தான் கூலியைப் பேச வேண்டும்.

அந்த வகையில் கைநடவுதான் பொறுமைசாலி. குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகியகாலப் பருவம்) நாற்று 20 நாளில் தயாராகிவிடும். 25 நாளானாலும் பறித்து நடலாம். சிஆர் 1009 போன்ற நீண்டகால சம்பா ரகமென்றால் இன்னும் சில நாள் கூடுதலாகத் தாங்கும். வயல் மேடு பள்ளமாக இருந்தாலும் நடுகிறவர்கள் பள்ளத்தில் உயரமான நாற்றாகப் பார்த்து வைத்துவிடுவார்கள். மிஷினுக்கு அந்தக் கண் கிடையாது. ஆனால் ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும், குறுகியகால ரகத்துக்கு 24 கிலோ விதை வேண்டும். பறிக்க, முடி (நாற்றுக்கட்டு) கட்ட, வயலில் கொண்டுபோய்ப் போட ஒரு கூட்டம், நட இன்னொரு கூட்டம். ஊரே ஒரே வாரத்தில் நடும்போது ஆள் எங்கே கிடைக்கும்? இப்போது பல ஊர்களில் மேற்கு வங்கம், பீகாரிலிருந்து வரும் குழுக்கள் ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி நட்டுத் தருகிறார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்த நடவில் குத்துக்குக் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுகள்தான் ஒரு குத்து) இடைவெளி அகன்றுவிடும். வரப்பில் நின்று பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

மிஷின் நடவில் பாதி வேலை வயலில் இல்லை, பாய் நாற்றங்காலில் இருக்கிறது. தட்டிலோ பாலித்தீன் விரிப்பின் மேலோ சலித்த மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து ஓர் அங்குலத்துக்குள் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மண்ணில் ஒரு கல் இருந்தாலும் பாயிலிருந்து நாற்றைப் பிய்த்து நடும் மிஷினின் விரல் வளைந்துவிடும். விதை அங்கங்கே குறைந்தால் அந்த இடத்தில் விரல் வெறும் மண்ணைத்தான் எடுக்கும், வயலில் குத்துகள் விழாமல் போகும். ஏக்கருக்கு ஒரு சென்ட் இடமும் 15 முதல் 20 கிலோ விதையும் போதும் என்பது லாபம். பதினைந்தாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாளுக்குள் நட்டாக வேண்டும் என்பது வில்லங்கம். இருபதைத் தாண்டினால் வேர் பின்னி இறுகிவிடும். விரல் பிய்த்து எடுக்கும்போது நாற்று நைந்துபோகும். தண்ணீர் எப்போது வருமென்று உறுதியில்லாதவர்கள் தட்டுகளை ஒரே நாளில் விடாமல் ஐந்தாறு நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விடுவது நல்லது.

அப்புறம் எந்த மிஷின் என்ற கேள்வி. நடந்து ஓட்டும் நான்கு வரிசை மிஷின் சிறிய வயலுக்கு ஏற்றது. எடை குறைவு, இரண்டு பேர் சேர்ந்து வரப்பைத் தாண்ட வைத்துவிடலாம். ஓட்டுகிறவர் நாள் முழுக்கச் சேற்றில் கூடவே நடக்க வேண்டும், அது சாதாரண உழைப்பில்லை. உட்கார்ந்து ஓட்டும் ஆறு வரிசை ஜப்பானிய வகை நான்கு சக்கரமும் இழுக்க வேகமாகப் போகும். விலை பல மடங்கு, ஆகவே வாடகைதான் வழி. சாலையோரம் பெரிய பெரிய வயலாக இருந்தால் இதை மிஞ்ச ஆளில்லை. நாலு பேர் வயலைத் தாண்டி உள்ளே போக வேண்டிய இடத்திலும், காலை வைத்தால் முழங்கால்வரை போகும் உளையிலும் இதைக் கூப்பிடாதீர்கள். எட்டு வரிசைச் சீன வகை ஒற்றைச் சக்கரத்தில் ஓடும், விலையும் மலிவு. எல்லாவற்றுக்கும் சேடை அடித்து (தண்ணீர் கட்டிச் சேறாக உழுது) ஒரு நாளாவது சேறு படிய வேண்டும். களிமண்ணுக்கு இரண்டு நாள். தண்ணீர் மெல்லிய ஏடாக நின்றால் போதும்.

இடைவெளியிலும் வித்தியாசம் இருக்கிறது. நான்கு, ஆறு வரிசை மிஷின்களில் வரிசை 30 செ.மீ., மாற்ற முடியாது. வரிசைக்குள் 14 செ.மீ. வைத்தால் சதுர மீட்டருக்கு சுமார் 24 குத்து. எட்டு வரிசையில் வரிசை இடைவெளி 23.8 செ.மீ.; அதே 14-க்கு 30 குத்து வரும். 20 செ.மீ.-க்கு 10 செ.மீ. என்று கையால் நட்டால் 50. குறைவாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். 25-க்கு 25 ஒற்றை நாற்று நடவில் 16 குத்துதான், இளம் நாற்று தூர் கட்டி (அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட்டு) ஈடுசெய்துவிடும். ஆனால் ஏடிடி 43 போன்ற 110 நாள் ரகத்துக்குத் தூர் கட்ட அவகாசம் குறைவு. குறுவைக்கு எட்டு வரிசையையோ, மற்றதில் மிக நெருக்கமான அளவையோ கேட்பதுதான் சரி. சம்பாவுக்கு 30 செ.மீ. வசதி, கோனோவீடர் (வரிசைக்கு நடுவே தள்ளிக் களையெடுக்கும் கருவி) தாராளமாக ஓடும்.

சேற்றில் இழுத்து நேரடியாக விதைக்கும் உருளைக் கருவியான டிரம் சீடரையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். நாற்றங்காலும் வேண்டாம், பறிப்பும் வேண்டாம், 20 செ.மீ. வரிசையில் முளைகட்டிய விதை விழும். ஆனால் விதைத்த இரண்டு மூன்று நாளில் நல்ல மழை அடித்தால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும், களையும் பயிரோடு சேர்ந்தே முளைக்கும். வடிகால் நன்றாக உள்ள வயலில் குறுவைக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

போர்வெல் தண்ணீர் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் மிஷினுக்குப் போகலாம்; தேதி அவர்கள் கையில் இருக்கிறது. ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருக்கும் கடைமடைக்காரர்கள் (வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்கள்) மிஷினை நம்பிப் பாய் விடுவதற்குமுன், கைநடவுக்கும் கொஞ்சம் வயல் நாற்று விட்டு வைப்பது நல்லது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலில் சாண் உயர மிஷின் நாற்று மூழ்கிவிடும், அங்கே கைநடவேதான். மிஷின்காரரிடம் முன்பணம் கொடுக்குமுன் மூன்று விஷயம் பேசிவிடுங்கள். பாய் யார் விடுவது, என்ன அகலத்தில் (நான்கு வரிசைக்கு வெட்டிய பாய் சீன மிஷினில் உட்காராது), சொன்ன நாளில் வராவிட்டால் முற்றிய பாய்க்கு யார் பொறுப்பு. மூலைகளும் திரும்பும் இடங்களும் எப்படியும் விட்டுப்போகும். அதற்கு இரண்டு நடவாட்களைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.