லாட்ஜ் அறைக்கான ‘மேட்சிங் செட்’: படம் தேறும், துணி தேறாது

ஒரு கேன்வாஸ் படம், அதே நிறத்தில் கட்டிலின் கால்மாட்டில் விரிக்கும் ரன்னர், இரண்டு குஷன் உறை, ஒரு ஜோடி திரை. கும்பகோணம் மாதிரி கோயில் ஊர்களில் லாட்ஜ் புதுப்பிப்பவர்களைக் குறிவைத்து விற்கும் செட் இது.

படம் நன்றாகவே இருக்கிறது. 24×36 அங்குலம், பின்னால் பைன் மரச் சட்டம், மேலே மேட் வார்னிஷ். வார்னிஷ் இல்லாத மட்ட ரகமும் இதே பெயரில் கலந்து வரும். ஓரத்தில் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடலாம். எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சட்டம் என்றால் வேண்டவே வேண்டாம், குளியலறைச் சுவரின் ஓதத்தில் உப்பிவிடும்.

அளவில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். 72 அங்குலக் கட்டிலுக்கு மேலே 36 அங்குலப் படம் தபால்தலை ஒட்டியது மாதிரி இருக்கிறது. கட்டில் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 48 அங்குலம் வேண்டும். படத்தின் கீழ் விளிம்பு தலைமாட்டுப் பலகையிலிருந்து 8 அங்குலமாவது மேலே இருக்கட்டும். சாய்ந்து உட்காருபவர்களின் தலை எண்ணெய் முதலில் பிடிப்பது அந்த விளிம்பைத்தான், வார்னிஷ் இருந்தாலும் அந்தக் கறை லேசில் போகாது.

செட்டோடு வரும் ஒற்றை ஆணியும் கயிறும் உதவாது, தூசி தட்டும்போதெல்லாம் படம் கோணும். 6 மி.மீ. பிட்டில் இரண்டு துளை போட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூவில் மாட்டுங்கள். கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும், பூஞ்சை பிடிக்காது.

செட்டில் ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்று வருவது தங்க மையில் அடித்த அச்சு. அசலில் சாக் பவுடரும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மேட்டின் நிழல் விழும். அசலை வரவேற்பறையில் வையுங்கள். ஏ.சி. ஓடி ஓடி நிற்கும் அறையில் அந்த மேடு வெடிப்பு விடும். சாமி படத்தைக் கால் நீட்டும் பக்கம் மாட்டினால் தங்க வருபவர் முகம் சுளிப்பார். கோபுரம், தாமரை, கோலம் எடுத்தால் வம்பில்லை.

துணிதான் இந்த செட்டின் தோல்வி. லாட்ஜ் துணி வெள்ளை பெட்ஷீட்டோடு சேர்ந்து பிளீச்சிலும் வெந்நீரிலும் போகும். பருத்திக்கு வழக்கமாகப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் பல நிறங்கள் பிளீச்சில் இருக்கும் குளோரினுக்குத் தாங்காது. மெரூன் ரன்னர் வெளிறிப்போகும், மேலே படம் மட்டும் பளிச்சென்று இருக்கும், மேட்சிங் அதோடு சரி. வாட் சாயம் (பருத்தி இழைக்குள் கரையாத நிலையில் தங்கிவிடும் சாயவகை) போட்ட துணியோ பாலியெஸ்டரோ தாங்கும். கரூரில் தனியாக நெய்ய ஆர்டர் கொடுப்பவர்கள் இதைப் பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது.

திரையும் போதாது. ஆறடி ஜன்னலுக்கு மடிப்பு விழ 12 அடித் துணி வேண்டும், இதில் வருவது எட்டடிதான். தைப்பதற்கு முன்பே சுருக்கி எடுக்காத பருத்தி என்பதால் ஏழடித் திரை முதல் சலவைகளிலேயே மூன்று அங்குலம் வரை மேலேறலாம்.

படத்தை மட்டும் 48 அங்குலத்தில் தனியாகக் கேளுங்கள். ரன்னரை வேறிடத்தில், அறைக்கு மூன்று வீதம் ஒரே சாய லாட்டில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியது) எடுங்கள்: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. பிறகு வாங்கும் லாட்டில் அதே மெரூன் கிடைப்பது கஷ்டம்.