முன்பக்கத்து டொக் டொக்: 1,12,000 கி.மீ. ஓட்டிய அனுபவம்

கார் வாங்கி 7 வருஷம் ஆகிறது, ஓடியது 1,12,000 கி.மீ. இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரிதாகச் செலவு வைக்கவில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது சஸ்பென்ஷன் (குழி மேட்டு அதிர்வைத் தாங்கும் அமைப்பு) சத்தங்கள்தான், அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் சத்தம் 60,000 தாண்டியதும் வந்தது. மெதுவாகக் குண்டும் குழியுமான சாலையில் போனால் இடது முன்பக்கம் டொக் டொக் என்று யாரோ பலகையில் தட்டுவது போலக் கேட்கும், வேகம் எடுத்தால் கேட்காது. மெக்கானிக் பானெட்டை இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு ஷாக் அப்சார்பர் போச்சு என்றார், நானும் தலையாட்டினேன். இரண்டு பக்கமும் புதுசு போட்டு வெளியே வந்தால் முதல் குழியிலேயே அதே டொக் டொக். கழற்றிய பழைய ஷாக்கில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு கூட இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு எப்போது வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். சாலை முழுக்கப் போட்ட வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் உடனே டொக். இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் இருக்கிறதே, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது சும்மா திரும்பிக் கொடுக்கும், ஒன்று மட்டும் ஏறினால்தான் முறுக்கிக்கொள்ளும். அந்த விசை முழுக்க, பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராட் என்ற சின்னக் கம்பி வழியாகத்தான் போகிறது, அதன் முனையில் உள்ள குட்டி பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் அங்கேதான் தட்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சோதித்தால் இது பிடிபடாது, பார் முறுக்கி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் நல்ல லிங்க் மாதிரியே கெட்டியாக இருக்கும். சக்கரங்கள் தரையில் இருக்கும்போது கீழே கைவிட்டு உலுக்கிப் பார்த்தோம். ஆடியது வலது பக்கத்து லிங்க்! பாடி வழியாகப் பரவும் சத்தத்தை வைத்துப் பக்கம் சொல்லக் காதை நம்ப முடியாது. அரை மணி நேர வேலை, சத்தம் போய்விட்டது.

அடுத்தது 78,000-இல். பிரேக் பிடித்து நிற்கும்போதும் கிளம்பும்போதும் ஒரே ஒரு 'கடக்'. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை) கிழிந்திருந்தது, ஆர்மையே மாற்றினோம். 9 மாதத்தில் திரும்பவும் அதே கடக். பாகம் மட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு பாகத்தில் இல்லை. காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கியிருக்கிறார்கள். இந்த புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியே இருக்கும், தொங்கும் நிலையில் இறுக்கினால் காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காரின் எடை சக்கரத்தில் வந்த பிறகு டார்க் ரெஞ்சால் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். இரண்டாவது தடவை பக்கத்திலேயே நின்று அப்படிச் செய்ய வைத்தேன், முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட்டும் பார்த்தேன். 26,000 கி.மீ. ஆகிவிட்டது, மூச்சு விடவில்லை.

நடுவில் காலை நேரத்தில் பழைய கட்டில் மாதிரி ஒரு கிரீச். ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து ஓட்டிப் பார்த்தேன், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ் நனைந்ததும் சத்தம் நின்றது, காய்ந்ததும் வந்தது. சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். சிலிகான் கிரீஸ் சில வாரம் தாங்கியது, பிறகு புஷ்ஷையே மாற்றிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். இரண்டு வாரம் காருக்கு அடியில் படுத்துத் தேடிய ஒரு கடகட சத்தம் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்த ஜாக்கிக் கம்பி. சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது என்றால் பிரேக் பேடையும் அதை அழுத்தும் காலிப்பரையும் பாருங்கள், சஸ்பென்ஷனை விட்டுவிடலாம். சத்தத்தோடு வாழ்ந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டை மட்டும் உடனே பார்த்துவிடுங்கள், அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கும்.

இப்போது நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிறது, ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட்டின் பேரிங் சுழலாமல் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அதை மாற்ற ஷாக்கை முழுசாகக் கழற்ற வேண்டும். தேவையே இல்லாமல் ஷாக்கை மாற்றிய அன்று அந்த மவுன்ட் கழற்றி என் கண் முன்னால்தான் கிடந்தது.