ஆர்எக்ஸ் 100 டேங்க் லீக், சென்னை புதுப்பேட்டை டிங்கர் கடைல சரி பண்ணேன்

அப்பா 1994ல வாங்குன யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், இன்னைக்கும் நான் தான் ஓட்டுறேன். போன மாசம் காலைல வண்டி எடுக்க போனா பார்க்கிங் முழுக்க பெட்ரோல் வாடை, இஞ்சின் மேல சொட்டு சொட்டா ஈரம். ஏரியா மெக்கானிக் பெட்ரோல் காக் (டேங்க் அடில பெட்ரோல திறந்து மூடுற குழாய்) ஓரிங், அதான் உள்ள இருக்குற ரப்பர் வளையம், போயிடுச்சுன்னு மாத்தி விட்டார், நிக்கல. டேங்க கழட்டி கவுத்து பாத்தா தான் தெரியுது, சீட்டுக்கு அடில போற ஜாயின்ட்ல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா இருக்கு, நகத்தால சுரண்டுனா உதிருது, உள்ள ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை.

ரெண்டு பேஸ்ட்ட பெசஞ்சு ஒட்டுற புட்டி வச்சேன், ரெண்டு வாரம் தாங்குச்சு, அவ்ளோதான்.

அப்புறம் தான் இந்த கடைக்கு போனேன். கடைக்கார பாய் டேங்க பாத்ததும் வெல்டிங் கன்ன தொடவே இல்ல, மொதல்ல வெந்நியும் சோப்பு பவுடரும் ஊத்தி உள்ள ஒரு கை போல்ட்டு நட்டு போட்டு குலுக்கு குலுக்குனு குலுக்குனார், தண்ணி டீ டிக்காஷன் கலர்ல கொட்டுச்சு, இத நாலு தடவ பண்ணார். "பெட்ரோல் காலியானாலும் உள்ள கேஸ் நிக்கும் தம்பி, அதுல நெருப்பு காட்டுனா வெடிச்சிரும்"னார். இதுக்காகவே இந்த கடைய சொல்லுவேன், அவசரப்பட்டு நெருப்பு வைக்கிற ஆளுகிட்ட டேங்க குடுக்காதீங்க.

பிறகு மூடி, காக் எல்லாம் அடைச்சு சைக்கிள் பம்புல லேசா காத்து அடிச்சு சோப்பு நுரை தடவுனார், நான் ஒரு ஓட்டைன்னு நெனச்ச எடத்துல மூணு எடத்துல நுரை குமிழி விட்டுச்சு! டேங்க்ல தண்ணி ரொப்பி, ஓட்டை இருக்குற பக்கம் மட்டும் தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி சாச்சு வச்சு, பித்தளை கம்பில கேஸ் வெல்டிங். திரும்ப காத்து அடிச்சு காட்டிட்டு தான் காசு வாங்குனார், 900 ரூபா.

எதனால இப்படி ஆச்சுன்னும் சொன்னார். இப்ப பங்க்ல போடுறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்த இழுக்கும், வண்டி வாரக்கணக்கா நின்னா தண்ணி பிரிஞ்சு அடில தங்கி தகரத்த அரிச்சிடும். அதனால காய வச்ச டேங்க்ல கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு போடுற ஆயில்) ஊத்தி சுத்தி விட்டு குடுத்தார், டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அதனால ஒரு கெடுதலும் இல்ல.

குறைன்னா, சாயந்தரம் தர்றேன்னவர் மறுநாள் தான் குடுத்தார், வெல்டிங் பக்கம் பெயின்ட் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு கருகிடுச்சு, அத நாம தான் அடிச்சுக்கணும். அஞ்சுக்கு நாலு குடுப்பேன். மூணு வாரம் ஆச்சு, தினமும் காலைல டேங்க் அடில கைய வச்சு தடவி பாக்குறேன், காஞ்சே இருக்கு.

போறவங்க பெட்ரோல முழுசா இறக்கிட்டு, டேங்க் மூடி, சாவி, காக் மூணையும் கூடவே எடுத்துட்டு போங்க, அது இல்லாம காத்து டெஸ்ட் பண்ண முடியாது.