நூறு வாட் தங்க நிற ரெசிஸ்டர்: ஆம்ப் சோதனைக்காக வாங்கிய நான்கு

ஆடிப்பெருக்கு நெருங்கும் வாரங்களில் தர்மபுரி வட்டாரத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபையர்களைக் கொண்டுவந்து என் பட்டறையில் அடுக்கிவிடுவார்கள். பழுது நீக்கிய ஆம்பை முழுச் சத்தத்தில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால், தெருக்கூத்து சூடுபிடிக்கும் நேரத்தில் அது உயிரை விடும். ஸ்பீக்கர் மாட்டி ஓட்டிப் பார்த்தாலோ தெருவே திரண்டு என் வாசலுக்கு வந்துவிடும். ஸ்பீக்கருக்குப் பதிலாக அதே ஓம் அளவு மின்தடையுள்ள ரெசிஸ்டரை மாட்டி, ஆம்ப் தரும் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் வெப்பமாக்கிவிடுவதுதான் டம்மி லோடு. அதற்காகக் கிருஷ்ணகிரியில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் நான்கு வாங்கினேன். ஒன்றின் விலை 190 ரூபாய். பெங்களூரு எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தை வரை போகாமல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்ததே முதல் லாபம்.

பொன்னிற அலுமினிய உறைக்குள் கம்பிச் சுற்று, இரு முனையிலும் துளையிட்ட தகடு, நான்கு மூலைகளில் ஸ்குரூ துளை என்று பார்வைக்கு நல்ல பொருள்தான். உறையின் மேல் 100 வாட், 8 ஆர், ஜே என்று அச்சிட்டிருக்கிறது. ஆர் என்பது ஓமையும், ஜே என்பது 5 விழுக்காடு ஏற்ற இறக்கத்தையும் குறிக்கும். மல்டிமீட்டரின் இரு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபோதே 0.3 ஓம் காட்டியதால், அதைக் கழித்துப் பார்த்தேன்: 7.9, 8.0, 8.0, 8.2. நான்குமே எல்லைக்குள் இருந்தன. கம்பிச் சுற்றுக்கும் உறைக்கும் இடையே கசிவும் தென்படவில்லை. இந்த விஷயத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை அந்த 100 வாட்டில்தான் இருக்கிறது. கடைக்காரர், "அப்படியே மாட்டலாம்ணா, நூறு வாட் தாங்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். தாங்காது. இந்த வகை ரெசிஸ்டரின் உறையில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, அதைப் போதிய பரப்புள்ள ஹீட் சிங்க்கில், அதாவது வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகக் கட்டையில், இறுக்கிப் பொருத்தினால் மட்டுமே செல்லும். வெறுமனே மேசையில் கிடத்தினால் பாதியோ அதற்கும் குறைவோதான். சந்தேகம் தீர, ஒன்றைச் செங்கல் மேல் வைத்து, நடு முனைக்கு இருபுறமும் 12 வோல்ட் தரும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தேன். அது வெறும் 18 வாட். ஆனாலும் பத்து நிமிடத்தில் விரல் வைக்க முடியவில்லை. அதன் இரு ஓர முனைகளுக்கும் மாற்றி 24 வோல்ட், அதாவது 72 வாட் கொடுத்தபோது, மூன்றாவது நிமிடத்தில் உறையின் மேல் தெளித்த தண்ணீர்த் துளி தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சுர்ரென்று துள்ளி ஓடியது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

பழைய இரும்புக் கடையில் எடை போட்டு 200 ரூபாய்க்கு வாங்கிய ஓரடி நீள யூபிஎஸ் ஹீட் சிங்க்கில் நான்கையும் பொருத்தலாம் என்று எடுத்தபோதுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. ரெசிஸ்டரின் அடிப்பாகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவே மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. இரண்டில் கொஞ்சம், ஒன்றில் நன்றாகவே. அதாவது மூலைகள் மட்டும் ஹீட் சிங்க்கைத் தொடும், கம்பிச் சுற்று இருக்கும் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். வெப்பம் கடத்தத் தடவும் வெள்ளைப் பேஸ்ட்டை அப்பி அந்த இடைவெளியை அடைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; பேஸ்ட் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட மேல் என்றாலும், அலுமினியத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. ஆகவே கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளைப் பரப்பி, இரண்டு சொட்டு தண்ணீர் விட்டு, ரெசிஸ்டரை எட்டு வடிவத்தில் தேய்த்தேன். பொன்னிறம் ஓரங்களில் முதலில் கரைந்து, உள்ளிருந்த வெள்ளை அலுமினியம் மெல்ல நடுவரை பரவியது. ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு கண்ணாடித்தாள் கனத்துக்குப் பேஸ்ட் தடவி, துளையிட்டு மரை போட்டு இறுக்கி, பக்கவாட்டில் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றையும் தனி அடாப்டரில் ஓட விட்டேன். இப்போது அதே 72 வாட்டில் அரை மணி நேரம் ஓடினாலும் சுடுகிறது, ஆனால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

இணைப்பு எளிதானதுதான். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மீண்டும் 8 ஓம், வெப்பம் நான்காகப் பங்கிடப்படும். இரண்டை மட்டும் பக்க இணைப்பில் வைத்தால் 4 ஓம். முனைத் தகடுகளில் ஈயம் வைப்பதைவிட போல்ட், நட், ரிங் லக் போட்டு முறுக்குவதே நல்லது, ஏனென்றால் சூடேறிச் சூடேறி ஈயம் ஒரு நாள் இளகிவிடும்.

கம்பிச் சுற்று என்பதால் இது காயில்போல் நடந்துகொண்டு உயர் அலைவரிசையில் ஓமைக் கூட்டிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தக் காயில் தன்மையை (இண்டக்டன்ஸ்) 10 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொண்டாலும் 20 கிலோஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 1.26 ஓம்; அது 8 ஓமோடு நேராகக் கூடாமல் செங்கோணத்தில் சேர்வதால் மொத்தம் 8.1 ஓம்தான் வரும். 1 கிலோஹெர்ட்ஸில் பவர் அளப்பவருக்கு இது கணக்கிலேயே வராது. எதிரெதிர்த் திசையில் இரட்டைச் சுற்றாகச் சுற்றிய அயர்டன்-பெர்ரி வகை ரெசிஸ்டர், துல்லியமாக அளக்க வேண்டியவர்களுக்கு உரியது. என் பட்டறைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

முதலில் சோதித்தது, முகப்பில் 1000 வாட் பிஎம்பிஓ (கணநேர உச்சத்தை ஊதிச் சொல்லும் விளம்பரக் கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஓர் ஆம்ப். கைபேசியிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகும் இடத்துக்குச் சற்று முன்னால் வால்யூமை நிறுத்தினேன். 8 ஓமில் 22.3 வோல்ட், வோல்ட்டை அதனாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் 62 வாட். 4 ஓமில் 18.1 வோல்ட், 82 வாட். லோடின் ஓம் பாதியானால் பவர் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். இவ்வளவு குறைந்தால் பெரும்பாலும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு வாங்குகிறது என்று பொருள். உரிமையாளரிடம் சொன்னபோது அவர் ஆம்பைப் பார்க்கவில்லை, என் மீட்டரைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார்.

பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்பாக இருந்தால் அதன் இரண்டு வெளியீட்டு முனைகளிலும் சிக்னல் இருக்கும். எர்த் உள்ள ஆசிலாஸ்கோப்பின் கிளிப்பை அவற்றில் ஒன்றில் மாட்டினால் ஆம்பின் ஒரு பக்கம் ஷார்ட் ஆகிவிடும். இன்னொன்று, உண்மையான ஸ்பீக்கரின் ஓம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும், ரெசிஸ்டர் மாறாது. ஆகவே காதால் கேட்டுப் பார்க்கும் கடைசிச் சோதனைக்கு இது ஈடாகாது.

மலிவாக முடிக்க நினைப்பவர்களுக்கு வாட்டர் ஹீட்டர் ராடு இருக்கிறது. 1500 வாட் ராடு ஒன்றின் மின்தடை சுமார் 35 ஓம். நான்கைப் பக்க இணைப்பில் பக்கெட் தண்ணீரில் போட்டால் 8.8 ஓம் ஆகும், பட்டறைக்கு வரும் ஆம்ப் எதையும் தாங்கும். பட்டறை மேசையில் தண்ணீர்ப் பக்கெட்டா என்று தயங்கித்தான் நான் ரெசிஸ்டருக்குப் போனேன். குண்டு பல்பு மட்டும் வேண்டாம். இழை சூடாகச் சூடாக அதன் ஓம் பல மடங்கு ஏறிவிடும்.

இன்னும் நான்கு எடுத்து வைக்கும்படி அதே கடையில் சொல்லியிருக்கிறேன், இந்த விலைக்கு இதைவிட நல்லது இங்கே கிடைக்காது. ஆனால் இம்முறை ஸ்கேலைக் கையோடு கொண்டுபோய், வெளிச்சக் கீற்று தெரியாத ரெசிஸ்டர்களாகப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றும் சொன்னேன். "பொறுக்கி எடுத்தா இருநூறுங்ணா" என்றார் கடைக்காரர். எமரித் தாளில் இருபது நிமிடம் தேய்ப்பதற்குப் பத்து ரூபாய் கூடுதல் தேவலாம் என்று ஒப்புக்கொண்டேன்.