மிக்-27 கேட்டால் மூக்கு மாற்றிய மிக்-23: ₹9,200 போச்சு, யாரும் ஏமாறாதீங்க

சிம்பிள்பிளேன்ஸில் (பாகங்களை ஒட்டி விமானம் கட்டி ஓட்டும் விளையாட்டு) காசு கொடுத்து விமானம் கட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். நேற்று இரவு வந்த கடைசிப் பதில் இது: "டெலிவரி முடிஞ்சிருச்சு ப்ரோ, இனி ஒண்ணும் பண்ண முடியாது." போனது ₹9,200. வந்தது இலவசமாகக் கிடைக்கிற ஒரு மிக்-23 சண்டை விமானம், முன்னால் வேறு மூக்கு ஒட்டியது.

கேட்டது மிக்-27. சோவியத் காலத்துத் தரைத்தாக்குதல் விமானம், பறக்கும்போதே இறக்கையைப் பின்னால் மடக்கும் வகை. இந்தியாவில் ஹெச்ஏஎல் நாசிக் ஆலையில் உரிமம் பெற்றுக் கட்டி, "பகதூர்" என்ற பெயரில் விமானப்படையில் ஓடி, 2019 டிசம்பர் 27 அன்று ஜோத்பூரில் ஓய்வுபெற்றது. எழுதிக் கொடுத்த தேவை தெளிவாகவே இருந்தது. இறக்கை மூன்று நிலையில் நிற்க வேண்டும்: 16, 45, 72 டிகிரி. விரித்தால் 13.97 மீட்டர், மடக்கினால் 7.78 மீட்டர். அடிவயிற்றுத் துடுப்பு, சக்கரம் இறங்கும்போது வலது பக்கம் மடங்க வேண்டும். ஏலரான் (விமானத்தை உருட்ட இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) கூடாது. ஃபோனில் ஓட்டுவதால் மொத்தம் 1,200 பாகத்தைத் தாண்டக் கூடாது.

ஆளைப் பிடித்தது, சிறு சிறு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஆன்லைன் தளம் ஒன்றில். ஐந்து நட்சத்திரம், நாற்பதுக்கு மேல் பாராட்டு. ஆனால் நம்ப வைத்தது அந்த நட்சத்திரங்கள் இல்லை. 16, 45, 72 என்று எழுதியதும் அவரே திருப்பிச் சொன்னார்: "காக்பிட்ல எழுதியிருக்கிற நம்பர் அது. உண்மையில அளந்தா 18 டிகிரி 40 நிமிஷம், 47-40, 74-40 ப்ரோ. எதை வச்சுக் கட்டட்டும்?" இதைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. கூடவே ஒரு படம்: ஓடுபாதையில் நிற்கும் மிக்-27, துடுப்பு வலது பக்கம் அழகாக மடங்கியிருக்கிறது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று தோன்றிவிட்டது. அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு படமும்தான் ₹9,200ஐ எடுத்துக்கொண்டு போயின.

பாதிப் பணம், ₹4,600, தளத்தின் வழியாகக் கட்டியது. மீதி ₹4,600ஐ நேரடியாக யுபிஐயில் அனுப்பச் சொன்னார். தளம் கமிஷன் பிடிக்கிறது, அந்தக் காசில் காக்பிட்டை நன்றாகச் செய்து தருகிறேன் என்றார். அனுப்பியாச்சு.

பதினெட்டு நாள் கழித்துக் கோப்பு வந்தது. திறந்ததும் பாக எண்ணிக்கை 1,870. ஃபோனில் ஏற்றினால் படம் விட்டு விட்டு ஓடுகிறது. எதைக் குறைக்கலாம் என்று பார்க்க, டிசைனரில் (விளையாட்டில் விமானம் கட்டும் திரை) மூக்குப் பகுதியை மட்டும் பிரித்து இழுத்ததும் உள்ளே இன்னொரு மூக்கு முழுசாக நின்றது. ரேடாருக்கான கூம்பு, அதாவது மிக்-23 சண்டை விமானத்தின் மூக்கு. அதை எடுக்கக்கூட இல்லை. அதன் மேலேயே சரிந்த மூக்கைத் தொப்பி மாதிரி மாட்டிவிட்டிருக்கிறார்கள். மிக்-27க்கு ரேடாரே கிடையாது. விமானி தரையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூக்கைக் கீழ்நோக்கிச் சரித்தார்கள். அதன் அடியில் லேசர் தூரமானிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். இதில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சாயம் மட்டும்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. விலைக்கு வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிக்-23க்கும் மிக்-27க்கும் வித்தியாசம் மூக்கோடு முடிவதில்லை. மிக்-23இன் காற்று நுழைவாயிலில் வேகத்துக்கேற்ப அசையும் சரிவுத் தகடு உண்டு. மிக்-27 தாழ்வாகப் பறந்து குண்டு போடுவதற்கானது, அதனால் அந்தத் தகட்டை எடுத்துவிட்டு நிலையான, எளிமையான வாயில் வைத்தார்கள். பின்னால் எஞ்சின் புகைவாயும் இரண்டே நிலை கொண்ட எளிய வகை. வந்ததில் இரண்டுமே மிக்-23 வகை. மிக்-27இன் வயிற்றில் ஆறு குழல் கொண்ட 30 மில்லிமீட்டர் ஜிஎஸ்ஹெச்-6-30 பீரங்கி தெரிய வேண்டும். வந்ததில் இரட்டைக் குழல் 23 மில்லிமீட்டர். மிக்-27இன் பின்சக்கரங்கள் பெரியவை, அதற்காக அவற்றின் மூடிகள் உப்பியிருக்கும். வந்ததில் மூடி தட்டை. மிக்-27இன் காக்பிட்டின் இரு பக்கமும் வெளியே திருகிய கவசத் தகடு இருக்கும், வந்ததில் அது கிடையாது.

இதையெல்லாம் படத்தோடு அனுப்பினால் வந்த பதில்: "பிஎன்னுன்னு வச்சுக்கோங்க ப்ரோ, அதுவும் வாத்து மூக்குதானே." மிக்-23பிஎன் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது, இந்திய விமானப்படையிலும் 2009 வரை இருந்தது. சரிந்த மூக்கு, அசையும் தகடுள்ள வாயில், இரட்டைக் குழல் பீரங்கி எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பிஎன்னுக்கும் காக்பிட் பக்கத்தில் கவசம் உண்டு, அந்தப் பிஎன்னுக்கும் மூக்குக்குள் ரேடார் கூம்பு கிடையாது. மாட்டிக்கொண்ட பிறகு தேடிப் பிடித்த சாக்கு இது. விஷயம் தெரிந்தவர் என்பதால்தான் சாக்கும் நன்றாக வருகிறது.

அசல் எது என்று தேடிப்பிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இலவசமாகப் பகிரப்பட்ட ஒரு மிக்-23. பாக எண்கள் வரிசையாக ஒத்துப்போகின்றன. அதைக் கட்டியவர் காக்பிட் தரைக்கு அடியில் சின்னச் சின்னப் பிளாக்குகளால் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்திருந்தார். அதைக்கூட எடுக்காமல் விற்றிருக்கிறார்கள். மாதக்கணக்கில் உழைத்துச் சும்மா கொடுத்த மனிதரின் வேலை அது. அவருக்கும் தகவல் சொல்லியாச்சு.

சரி, உருவம்தான் தவறு, பறக்கவாவது பறக்குமா என்றால் அதுவும் இல்லை. இலவசமாகக் கொடுத்தவர் இறக்கையை மடங்காமல், 16 டிகிரியிலேயே கட்டியிருந்தார். இந்த ஆள் அதை வெட்டி, ஒரு ரொட்டேட்டரில் (பாகத்தைத் திருப்பும் மூட்டு) மாட்டி, "ஸ்விங் விங் ரெடி" என்று அனுப்பியிருக்கிறார். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீங்களே கட்டினாலும் இங்கேதான் தவறும்.

முதல் தவறு, விடிஓஎல் ஸ்லைடர், அதாவது இறக்கையைத் திருப்பத் திரையில் மேலும் கீழும் இழுக்கும் பட்டை. அது 0 முதல் 1 வரை ஓடுவதில்லை, −1 முதல் 1 வரை ஓடும். 16இலிருந்து 72க்குப் போக 56 டிகிரி திருப்பினால் போதும். ரொட்டேட்டரின் வீச்சை 56 என்று வைத்ததோடு நிறுத்தினால், ஸ்லைடரைக் கீழே இழுக்கும்போது இறக்கை 40 டிகிரி முன்னோக்கித் திரும்பிவிடும். வந்த விமானத்தில் அப்படியேதான் நடக்கிறது. எக்ஸ்எம்எல்லில் (விமானத்தின் பாக அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பு) உள்ளீட்டின் குறைந்தபட்ச அளவை 0 என்று மாற்ற வேண்டும், ஒரு வரி வேலை. நடுநிலை 45க்கு 29 டிகிரி திருப்பம், 29ஐ 56ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.52. ஸ்லைடரைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினால் 45 வந்துவிடும். நிஜ மிக்-27இலும் விமானி கையால் நெம்புகோல் தள்ளித்தான் நிலை மாற்றுவார், தானாக மாறாது.

இரண்டாவது, சுழலும் மையம். அது உடலோடு இறக்கை சேரும் இடத்தில் இல்லை, உடலிலிருந்து பக்கவாட்டில் நீளும் அசையாத முக்கோணப் பகுதிக்குள் இருக்கிறது. வந்ததில் ரொட்டேட்டரை உடலோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் விரித்தால் அகலம் சரியாக வருகிறது, மடக்கினால் 7.78 மீட்டர் வரவேண்டிய இடத்தில் ஆறு மீட்டர்கூட இல்லை. இரண்டு அகலமும் ஒரே மையத்தில் ஒத்துவரும் வரை நகர்த்திப் பார்ப்பதுதான் வழி. மடங்கும்போது இறக்கையின் உள்பகுதி உடலுக்குள் நுழையும். அந்தப் பாகங்களுக்கு விமானத்துக்குள்ளான மோதலை எக்ஸ்எம்எல்லில் அணைக்காவிட்டால் உடலோடு இடித்து நடுங்கும், சில நேரம் வெடிக்கும். வந்தது 60 டிகிரி தாண்டியதும் வெடித்தது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் வெடித்தது.

மூன்றாவது, எடை. இறக்கை மேல் ஒட்டிய அலங்காரத் தகடு, ஆணித்தலை எல்லாம் எடையோடு ரொட்டேட்டரில் தொங்கினால் மூட்டு தளர்ந்து இறக்கை நுனி ஆடும். அலங்காரப் பாகங்களுக்கு எடை அளவு 0, காற்றுத்தடைக் கணக்கு நிறுத்தம், இரண்டும் கட்டாயம். ரொட்டேட்டர் வேகத்தையும் நன்றாகக் குறைக்க வேண்டும், சட்டென்று திருப்பினால் மூட்டு உதறும். வந்ததில் எதுவும் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான பாகங்கள் காற்றைப் பிடித்து இழுப்பதால் விமானம் ஓடவில்லை. அதை மறைக்க எஞ்சின் சக்தியைப் பல மடங்கு ஏற்றிவிட்டிருக்கிறார். அசல் ஆர்-29பி-300 எஞ்சின் ஆஃப்டர்பர்னரில் தருவது 11,500 கிலோ உந்துவிசை. அசல் விமானம் தரைமட்டத்தில் மணிக்கு 1,350 கிலோமீட்டர், 8,000 மீட்டர் உயரத்தில் 1,885. இது இறக்கையை விரித்தபடியே தரைமட்டத்தில் 2,000ஐத் தாண்டுகிறது.

இறக்கை பின்னால் போகும்போது தூக்குவிசையின் மையமும் பின்னால் போகும், மூக்கு கவிழும். அதற்கு வால்தகட்டின் சூத்திரத்தில் ஸ்லைடர் மதிப்பை ஒரு சிறு பங்கு சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பது எடைமையத்தைப் பொறுத்தது, ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். உருளுவதற்கு மிக்-27இல் ஏலரான் இல்லை. இறக்கை மேல் எழும் ஸ்பாய்லரும், இடமும் வலமும் எதிரெதிராக அசையும் வால்தகடும்தான். 72 டிகிரியில் ஸ்பாய்லர் வேலை செய்யாது, வால்தகடு மட்டுமே. ஃபங்கி ட்ரீஸில் (விளையாட்டில் சூத்திரம் எழுதும் முறை) இரண்டு வரி எழுதினால் போதும். வந்ததில் இறக்கை நுனியில் ஏலரான். தேவையில் "ஏலரான் கூடாது" என்று எழுதியிருந்ததை அவர் படித்து "ஓகே ப்ரோ" என்று பதிலும் போட்டிருந்தார்.

அந்தத் துடுப்பு? படத்தில் மடங்கியிருந்த துடுப்பு இதில் மடங்கவே இல்லை, உடலோடு ஒட்டிய ஒற்றைப் பிளாக். சக்கரம் தரையைத் தொடும் முன்பே அது ஓடுபாதையில் உரசி வால் பிய்கிறது. அந்தப் படமும் வேறு யாருடைய விமானமோ.

புகார் சொன்ன முதல் நாள், "உங்க ஃபோன் ப்ராப்ளம் ப்ரோ." அடுத்த நாள், "கேம் அப்டேட்ல மாறியிருக்கும்." பிறகு பிஎன் கதை. பிறகு, "வீட்டுல ஒரு விசேஷம், திங்கள்கிழமை சரி பண்ணித் தர்றேன்." இரண்டு திங்கள்கிழமை போயாச்சு. தளத்தின் உதவிப் பிரிவில் கேட்டால், டிஜிட்டல் பொருளைத் தரவிறக்கம் செய்துவிட்டீர்கள், பணம் திரும்பாது என்கிறார்கள். கோப்பு வந்து 3 நாளில் மறுக்காவிட்டால் தானாகவே ஏற்றதாக ஆகிவிடுமாம். அந்த 3 நாளும் திங்கள்கிழமைக்குக் காத்திருந்ததில் போயின. நேரடியாக அனுப்பிய ₹4,600 பற்றிக் கேட்டால், எங்கள் தளத்துக்கு வெளியே நடந்தது, பொறுப்பில்லை. ஒரே வாசகத்தை மூன்று முறை அனுப்பினார்கள், மூன்றாவதில் பெயரைக்கூடத் தவறாகப் போட்டிருந்தார்கள். ₹9,200இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று முழுசாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரமாக இவ்வளவுதான்:

தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கமிஷன் மிச்சம் என்ற பேச்சு வந்தாலே விலகுங்கள். படத்தை நம்பாதீர்கள், 16இலிருந்து 72 வரை இறக்கை மடங்குவதையும் துடுப்பு மடங்கி இறங்குவதையும் ஒரே வீடியோவாக, வெட்டாமல் கேளுங்கள். முடிக்கும் முன் விமானத்தை விளையாட்டின் பகிர்வுத் தளத்தில் பட்டியலில் தெரியாதபடி ஏற்றச் சொல்லுங்கள், இன்னொருவர் விமானத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். கோப்பு வந்த அன்றே மூக்கைப் பிரித்துப் பாருங்கள், 3 நாளைத் தாண்டவிடாதீர்கள். யுபிஐயில் பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். நான் இரண்டு வாரம் தாமதித்துவிட்டு இன்று காலைதான் அழைத்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள்.