மேற்குச் சுவரும் என் தையல் இயந்திரமும்

கரூரில் 430 சதுர அடியில் வீடு கட்டிக் குடியேறி இரண்டு கோடையும் ஒரு ஐப்பசியும் பார்த்துவிட்டோம். கட்டிக் கொடுத்தது, செலவு குறைந்த வீடுகளை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒரு சிறிய நிறுவனம். கொஞ்சம் திட்டவும் வேண்டியிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே 3 அங்குலம் வெற்றிடம் விடுகிறார்கள். 9 அங்குலச் சுவர்தான், ஆனால் செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. நான் தையல்காரி, என் இயந்திரம் மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. பழைய வாடகை வீட்டில் சித்திரை மாதத்து மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. இங்கே முதுகைச் சாய்த்துக்கொண்டு காஜா போடுகிறேன்.

கூரைத் தளத்திலும் ஒரு சிக்கனம். கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலையில்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் சிவப்பாக ஓடு தெரியும். “பூசுகிறவர் பாதியில் போய்விட்டாரா?” என்று மாமியார் இன்றும் கேட்கிறார்.

இனி குறை. செங்கல் அளவு மாறினால் இந்தக் கட்டு நேராக வராது. சூளையிலிருந்து வந்ததை மேஸ்திரி ஒரு வாரம் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டே இருந்தார். செங்கலில் மிஞ்சியதில் பாதி கூலியில் போய்விட்டது. அது போகட்டும், மின்குழாய் விஷயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சுவர் எழும்பும்போதே அந்த வெற்றிடத்துக்குள் குழாயை இறக்கிவிட வேண்டும். பிறகு வெட்டினால் 3 அங்குலச் செங்கல் தாங்காது. தையல் மோட்டாருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பிளக் எங்கே வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது வயர் சுவரின் மேல் பிளாஸ்டிக் பட்டையில் ஓடுகிறது.

வெளியே பூசாத செங்கல் அழகுதான், ஆனால் அதற்கு நீண்ட இறவாரம் வேண்டும். எங்களுடையது ஒரு அடிகூட இல்லை. போன ஐப்பசியில் கிழக்குச் சுவரின் உட்புறம் பாய் அளவுக்கு ஈரம் படர்ந்தது. சொன்னதும் ஆள் அனுப்பி, காசு வாங்காமல், நீர் இறங்காத பூச்சு அடித்துக் கொடுத்தார்கள்.

ஐந்துக்கு மூன்றரை. கூட்டுவதா குறைப்பதா என்று இந்த ஐப்பசி போன பிறகு சொல்கிறேன்.